வெளிநாட்டு விமானக் கம்பெனி மீது உள்ளூரிலேயே வழக்கு: கடலூர், புதுச்சேரி பயணிகளுக்கு

துபாய் விமானம் பதினாறு மணி நேரம் தாமதம். பாரிஸிலிருந்து வர வேண்டிய பெட்டி வரவேயில்லை. ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. இதில் எது நடந்தாலும் பண்ருட்டியிலும் பாகூரிலும் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அது வெளிநாட்டுக் கம்பெனி, அங்க போயா கேஸ் போடப் போற?”

அங்கே போக வேண்டியதில்லை. டிக்கெட் சரியான வகையாக இருந்தால் உங்கள் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆனால் இந்த வழக்குகளில் வாதத்தைவிடத் தேதியும் தாளும்தான் முக்கியம். விமான நிலையத்தில் அன்றே எழுதிக் கொடுக்காத புகார், எட்டாம் நாள் அனுப்பிய மின்னஞ்சல், முகவரி தவறிப் போன நோட்டீஸ் ஆகியவை நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். அதனால் தேதிகளை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எந்த கோர்ட்?

சில நாடுகளில் சிறு தொகை வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. நம்மிடம் அந்த வேலையைச் செய்வது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பேச்சு வழக்கில் நுகர்வோர் கோர்ட். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இங்கே கணக்கில் வருவது டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை மட்டும்தான், கேட்கும் இழப்பீடு அல்ல. 70,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 6 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை.

கம்பெனித் தரப்பு வழக்கமாகக் கிளப்பும் இரண்டு ஆட்சேபனைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இலேயே பதில் சொல்லிவிட்டது. சர்வதேச விமானப் பயண வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாமா என்ற கேள்வி டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் எதிர் யுனிவர்சல் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் வந்தது. விசாரிக்கலாம், அதுவும் நீதிமன்றமே என்று தீர்ப்பானது. “எங்கள் கம்பெனி எங்கள் நாட்டு அரசுடையது, இந்திய மத்திய அரசின் அனுமதியில்லாமல் எங்கள் மேல் வழக்குப் போட முடியாது” என்ற வாதம் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் எதிர் கணேஷ் நாராயண் சாபு வழக்கில் தள்ளுபடியானது. வளைகுடா நாட்டுக் கம்பெனிகள் பல அரசுக்குச் சொந்தமானவை என்பதால் இரண்டாவது தீர்ப்பு நம் பக்கத்துக்காரர்களுக்கு மிகவும் தேவைப்படும். இரண்டையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

முதலில் டிக்கெட்டைப் படியுங்கள்

சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கை. இந்தியாவில் அது 1972-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. தாமதத்துக்கும் பெட்டிக்கும் எந்த நாட்டில் வழக்குப் போடலாம் என்பதை அதன் 33-ஆவது பிரிவு நான்கு இடங்களாகச் சொல்கிறது: கம்பெனியின் சட்டப்படியான இருப்பிடம், அதன் தலைமை அலுவலகம் உள்ள இடம், டிக்கெட் ஒப்பந்தம் எந்த அலுவலகம் வழியாகப் போடப்பட்டதோ அந்த இடம், பயணத்தின் சேருமிடம்.

இந்தச் “சேருமிடம்” என்ற சொல்லில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போய்வரும் டிக்கெட்டுக்குச் சேருமிடம் என்பது கடைசியில் திரும்பி வந்து இறங்கும் ஊர். சென்னை–பாரிஸ்–சென்னை என்று ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், பெட்டி பாரிஸில் தொலைந்திருந்தாலும் சேருமிடம் சென்னைதான். வழக்கு இந்தியாவில் நிற்கும். பிரான்சில் குடியிருந்துகொண்டு விடுமுறைக்குப் புதுச்சேரி வரும் தம்பி பாரிஸ்–சென்னை–பாரிஸ் என்று எடுத்திருப்பார். அவர் பெட்டி சென்னையிலேயே உடைந்து வந்தாலும் சேருமிடம் பாரிஸ். அவர் வழக்கு அங்கேதான்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய பொறி. லால்பேட்டைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ லீவில் வருபவருக்கு முதலாளி எடுத்துக் கொடுப்பது துபாய்–சென்னை–துபாய் டிக்கெட். சேருமிடம் துபாய், டிக்கெட் வாங்கியதும் துபாயில். நம் ஊரில் தாக்கல் செய்தால் கம்பெனி முதல் வாய்தாவிலேயே ஆட்சேபனை போடும். அதே ஆள் வேலையை முடித்துக்கொண்டு துபாய்–சென்னை ஒருவழி டிக்கெட்டில் வந்திருந்தால் சேருமிடம் சென்னை, இங்கே போடலாம். சென்னை–கோலாலம்பூர் ஒருவழி டிக்கெட்டுக்குச் சேருமிடம் மலேசியா. ஆனால் அதைக் கம்பெனியின் இந்திய அலுவலகம் வழியாக வாங்கியிருந்தால் மூன்றாவது வாசல் திறந்திருக்கிறது. அதனால்தான் ரூபாயில் பணம் கட்டிய ரசீதும், இந்திய முகவரி உள்ள ஜி.எஸ்.டி. பில்லும் முக்கியம்.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் உள்ள இணைப்பு விமானங்கள் ஒரே பயணம். தனித்தனியாக வாங்கியவை தனித்தனிப் பயணம். லாஸ்பேட்டையிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போய், வேறு டிக்கெட்டில் வெளிநாட்டு விமானம் ஏற நினைத்து, முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது கம்பெனி பொறுப்பாகாது.

கடலூரா, புதுச்சேரியா, விழுப்புரமா?

நுகர்வோர் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழிசெய்கிறது. நம் பகுதியில் எல்லை பின்னிப் பிணைந்து கிடப்பதால் ஆதார் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிருமாம்பாக்கம், பாகூர், அரியாங்குப்பம் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். கோட்டக்குப்பம் புதுச்சேரி நகரத்தோடு ஒட்டியிருந்தாலும் விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் பெரும்பகுதியும் அப்படியே. அவர்கள் விழுப்புரம் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

“சேருமிடம் சென்னை, புதுச்சேரி அல்ல, ஆகவே சென்னையில்தான் போட வேண்டும்” என்று கம்பெனி சொல்லக்கூடும். அதற்கு வைக்க வேண்டிய பதில்: 33-ஆவது பிரிவு நாட்டைத் தீர்மானிக்கிறது, நடைமுறை விசாரிக்கும் நீதிமன்றத்தின் சட்டப்படி என்று அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது, அந்தச் சட்டம் குடியிருக்கும் மாவட்டத்தை அனுமதிக்கிறது. இந்தச் சண்டையே வேண்டாம் என்பவர்கள் கம்பெனியின் சென்னை அலுவலகத்தைக் காட்டிச் சென்னையிலேயே தாக்கல் செய்துவிட்டு, நுகர்வோர் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி காணொலியில் ஆஜராக மனுப் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டில் குடியிருக்க, பண்ருட்டியில் இருக்கும் அம்மா பெயரில் அதிகாரம் வாங்கிப் போட்டால் “குடியிருக்கும் இடம்” என்ற காரணம் நிற்காது. குடியிருப்பு புகார்தாரருடையதாக இருக்க வேண்டும், அதிகாரம் பெற்றவருடையதாக அல்ல. அப்போது கம்பெனியின் கிளை இருக்கும் ஊரோ, சம்பவம் நடந்த ஊரோதான் வழி. பிரான்சிலிருந்து வரும் அதிகாரப் பத்திரத்தில் அபோஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அதிகாரிகள் தரும் சான்று) வேண்டும். துபாயிலிருந்து என்றால் இந்தியத் தூதரகச் சான்று. இரண்டுக்கும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

ஏழு நாள், இருபத்தொரு நாள், இரண்டு வருடம்

பெட்டி உடைந்தோ பொருள் குறைந்தோ வந்தால், கையில் வாங்கிய நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால், வந்து சேர்ந்த நாளிலிருந்து 21 நாள். இந்த நாட்கள் தவறினால், கம்பெனி மோசடி செய்தது என்று காட்டினாலொழிய, வழக்கே இல்லை என்று உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி வரவில்லை என்றால் கன்வேயர் பெல்ட்டை விட்டுச் சுங்கம் தாண்டி வெளியே வருவதற்குள் பி.ஐ.ஆர். என்கிற லக்கேஜ் புகார்ச் சீட்டை வாங்குங்கள். அதில் பத்து எழுத்து–எண் கொண்ட குறிப்பு இருக்கும்: முதல் மூன்று விமான நிலையம் (சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்.), அடுத்த இரண்டு கம்பெனி, கடைசி ஐந்து வரிசை எண். “நாளைக்கு வந்துடும், வீட்டுக்குப் போங்க” என்று வாய்வார்த்தையில் அனுப்பினால் நகராதீர்கள். சீட்டு வாங்கினாலும் அதோடு நிற்க வேண்டாம். அது பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. இழப்பீட்டுப் புகார் அல்ல என்று பின்னால் வாதம் வரும். ஊருக்கு வந்த மறுநாளே அந்த எண்ணைக் குறிப்பிட்டு, என்ன சேதம், என்ன கேட்கிறீர்கள் என்று கம்பெனியின் இணையப் படிவத்திலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். படிவத்தில் அனுப்பியது நம் கையில் மிஞ்சாது. ‘சப்மிட்’ அழுத்துமுன் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

இரண்டு வருடம் என்பது வழக்குத் தாக்கல் செய்வதற்கான கெடு. இரண்டு சட்டங்களும் இரண்டு வருடம் என்றே சொல்கின்றன, ஆனால் ஒன்றல்ல. நுகர்வோர் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழியுண்டு. மான்ட்ரீலின் 35-ஆவது பிரிவில் உரிமையே அழிந்துபோகிறது. நாள் எண்ணுவதும் பெட்டி தொலைந்தது உறுதியான நாளிலிருந்து அல்ல. நீங்கள் சேருமிடம் வந்த நாள், அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. கம்பெனி “பரிசீலனையில் இருக்கிறது” என்று பதினெட்டு மாதம் இழுத்தாலும் கெடு நிற்காது. பயணத் தேதியிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

விமானம் தாமதமானால் அங்கேயே செய்ய வேண்டியவை: அறிவிப்புப் பலகையைப் படமெடுப்பது, கவுன்ட்டரில் தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்பது, கொடுக்க மறுத்தால் கேட்ட நேரத்தைக் குறித்து அங்கிருந்தே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது, விமானங்களின் ஓட்டத்தைக் காட்டும் இணையதளத்தில் உங்கள் விமான எண்ணின் உண்மையான புறப்பாடு, வருகை நேரங்களைப் பதிவெடுப்பது. சில நாளில் அந்தப் பக்கங்களைப் பார்க்கப் பணம் கேட்பார்கள். சாப்பாடு, தங்கும் அறை, ஈ.சி.ஆர். வழியாக வீட்டுக்கு வந்த டாக்சி, எல்லாவற்றுக்கும் அச்சிட்ட பில் வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த டாக்சிக் கணக்கைக் கம்பெனி வக்கீல் முதலில் அடித்துவிடுவார். போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டும் பத்து இலக்க டேக், பாஸ்போர்ட் முத்திரை ஆகியவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

எவ்வளவு கேட்பது?

உடன்படிக்கை தொகைகளை எஸ்.டி.ஆர். என்ற அலகில் சொல்கிறது. சர்வதேச நிதியம் அதன் மதிப்பைத் தினமும் வெளியிடுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு: லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு 1519 எஸ்.டி.ஆர்., தாமதத்துக்கு 6303 எஸ்.டி.ஆர். அதற்கு முன் 1288, 5346. கணக்குக்காக ஒரு எஸ்.டி.ஆர். 120 ரூபாய் என்று வைத்தால் 1519 என்பது 1,82,280 ரூபாய். தீர்ப்பு நாளின் மதிப்பில்தான் மாற்றுவார்கள், ஆகவே புகாரில் எஸ்.டி.ஆர். எண்ணையும் எழுதுங்கள். கம்பெனி தன் பயண நிபந்தனைகளில் எந்த வரம்பை அச்சிட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தையும் இணையுங்கள். தானே எழுதிய தொகைக்குக் கீழே இறங்கிப் பேசுவது கடினம்.

இது உச்சவரம்புதான், தானாகக் கையில் வரும் தொகை அல்ல. பெட்டியில் என்ன இருந்தது, எந்த வருடம் என்ன விலைக்கு வாங்கியது என்று பட்டியல் போட வேண்டும். மூன்று வருடம் உடுத்திய பட்டுப்புடவைக்குப் புது விலை கேட்டால் மொத்தப் பட்டியலின் மீதும் நம்பிக்கை போய்விடும். நகை, ரொக்கம், மடிக்கணினி இவற்றைச் செக்-இன் பெட்டியில் வைத்திருந்தால் உங்கள் கவனக்குறைவு என்ற வாதம் கட்டாயம் வரும். வரம்பு ஆளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று அல்ல. நான்கு பேர் குடும்பத்தின் பொருள் ஒரே பெட்டியில் இருந்தால் யார் யாருடையது எது என்று பிரித்து எழுதி, நால்வரையும் புகார்தாரர்களாகச் சேருங்கள். குழந்தைகள் பெற்றோர் வழியாக.

ஊர் திரும்பும் வழியில் பெட்டி தாமதமானால் “அவசரத்துக்கு வாங்கிய துணி” என்ற கணக்கு எளிதில் ஏறாது. வீட்டில் துணி இருக்குமே என்பார்கள். பயணம் போன ஊரில் வாங்கியதற்கு நன்றாக ஏறும்.

மன உளைச்சலுக்குக் கேட்கலாம், ஆனால் தனித் தலைப்பில், அளவாக. உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு தண்டனை வகை இழப்பீட்டைத் தடுக்கிறது. “கம்பெனிக்குப் பாடம் புகட்ட 20 லட்சம்” என்று எழுதினால் அந்த ஒரு வரியே நமக்கு எதிராகப் போகும். செலவான தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று நான்கு வரியில் நிறுத்துங்கள்.

ரத்தான டிக்கெட்டின் பணம் திரும்பி வராதது வேறு வகை. அது தாமதமல்ல, நிறைவேற்றாத ஒப்பந்தம். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் சட்டத்தின் கீழேயே எழுதுங்கள். டிக்கெட்டை ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தால் அவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பணம் அவரிடம் இருக்கிறது என்று கம்பெனியும், கம்பெனி அனுப்பவில்லை என்று அவரும் கையை விரிப்பார்கள்.

ஐரோப்பா சம்பந்தப்பட்ட பயணம் என்றால்

புதுச்சேரியில் பாதிக் குடும்பங்களுக்குப் பாரிஸில் ஓர் உறவு இருப்பது போல இருக்கும், அதனால் இது தனியாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்தக் கம்பெனி விமானத்துக்கும், வெளியிலிருந்து ஒன்றியத்துக்குப் போகும் ஐரோப்பியக் கம்பெனி விமானத்துக்கும் பொருந்தும். 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு 600 யூரோ. சேருமிடத்தில் 3 முதல் 4 மணி நேரத் தாமதம் என்றால் 300 ஆகக் குறைக்கலாம். செலவுக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பாரிஸிலிருந்து தோஹா வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் வந்தால் வளைகுடாக் கம்பெனிக்கும் பொருந்தும். அதே வழியில் சென்னையிலிருந்து பாரிஸ் போனால் பொருந்தாது. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்று கம்பெனி நிரூபித்தால் கிடைக்காது.

இந்தத் தொகையைக் கம்பெனியின் இணையப் படிவத்திலேயே விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதை நம் ஆணையத்தில் கொண்டுவந்து நிறுத்துவது கடினம். அது ஐரோப்பியச் சட்டம். பிரான்சில் இருக்கும் உறவினர் அங்கே மத்தியஸ்தம், பிறகு நீதிமன்றம் என்று போகலாம். இந்த வகைக் கோரிக்கைக்கு அங்கே காலக்கெடு 5 வருடம்.

யார் மேல், எந்த முகவரிக்கு?

டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த கம்பெனியின் குறியீடு: 057 ஏர் பிரான்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 எமிரேட்ஸ். விமானத்தை ஓட்டியது வேறு கம்பெனியாக இருந்தால் இருவர் மீதும் போடலாம், உடன்படிக்கை அனுமதிக்கிறது.

அடுத்து முகவரி. இந்தியாவில் அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 380-ஆவது பிரிவின்படி, தன் சார்பில் நோட்டீஸ் வாங்க இந்தியாவில் குடியிருக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். அந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினாலே நோட்டீஸ் முறைப்படி போய்ச் சேர்ந்ததாகும் என்கிறது 383-ஆவது பிரிவு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வெளிநாட்டுக் கம்பெனிப் பதிவு எண்ணும் இந்திய முகவரியும் கிடைக்கும். அதை அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள். விமான நிலையக் கவுன்ட்டர் முகவரியை மட்டும் போட்டால் “பெறுநர் இல்லை” என்று தபால் திரும்பி, மூன்று நான்கு வாய்தா வீணாகும். இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனி என்றால் பொது விற்பனை முகவர் (கம்பெனிக்காக இங்கே டிக்கெட் விற்பவர்) யார் என்று பாருங்கள். அவரும் இல்லையென்றால் ஜெயித்தாலும் வசூலிக்க இங்கே ஒன்றுமிராது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நோட்டீஸ், புகார், தாக்கல்

கம்பெனிக்கு எழுதி 30 நாள் பாருங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் ஏர்சேவா என்ற அரசின் விமானப் பயணப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். சிறு தொகைகள் சில சமயம் அங்கேயே முடியும். ஆனால் இவை காலக்கெடுவை நிறுத்தாது. பிறகு 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ், ஸ்பீடு போஸ்ட்டில். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. இருந்தாலும் அனுப்புவது நல்லது.

இந்தச் சமயத்தில் கம்பெனி பயண வவுச்சர் தர முன்வரும். “முழு, இறுதித் தீர்வு” என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஏற்றால் வழக்கு முடிந்தது.

புகாரை வரிசை எண் போட்ட பத்திகளாக எழுதுங்கள்: தரப்பினர் யார், டிக்கெட் எண், தேதி, தொகை, என்ன நடந்தது, நேரத்தோடு, எப்போது புகார் அனுப்பினீர்கள், என்ன பதில், எந்தப் பிரிவு, இந்த ஆணையத்துக்கு அதிகாரம் எப்படி, காலக்கெடுவுக்குள் எப்படி, என்ன வேண்டும். அதிகாரம் பற்றிய பத்தியில் நுகர்வோர் சட்டம் 34, மான்ட்ரீல் 33 இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதைக் கம்பெனி எழுதும். முன்னால் தேதிப் பட்டியல், பின்னால் நோட்டரி சான்றிட்ட பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் ஏ1, ஏ2 என்று எண்ணிட்டு. மின்னஞ்சல் அச்சுகளோடும், திரையைப் படமெடுத்த அச்சுகளோடும் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழை வையுங்கள். பிரெஞ்சிலோ அரபியிலோ உள்ள ரசீதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

தாக்கல் இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில். நேரில் தாள்களும் கேட்டால் ஆணையத்துக்கு மூன்று பிரதி, எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒன்று. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, புதுச்சேரியில் ஒன்றியப் பகுதிச் சட்டப்பணிகள் ஆணையம்.

விசாரணையில்

ஏற்பதா என்று 21 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், அதிகபட்சம் இன்னும் 15 நாளில், கம்பெனி பதில் தாக்கல் செய்ய வேண்டும். 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த தேதியைத் தபால் துறையின் தடமறியும் பக்கத்திலிருந்து அச்செடுத்து வைத்திருந்து, 46-ஆம் நாள் பதில் வந்தால் ஆட்சேபனை சொல்லுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் உண்டு. நடப்பில் அதைவிட நீளும்.

தாமத வழக்கில் கம்பெனியின் பதில் “தொழில்நுட்பக் காரணம்” அல்லது “வானிலை”. மான்ட்ரீல் 19-ஆவது பிரிவின்படி, தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று நிரூபிக்கும் சுமை கம்பெனியின் மீது. நுகர்வோர் சட்டத்தின் 38-ஆவது பிரிவின் கீழ் ஆவணத்தை வரவழைக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டையும், அந்த விமானத்துக்குப் பதிவான தாமதக் குறியீட்டையும் தாக்கல் செய்யச் சொல்லி மனுப் போடுங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பழைய எண் வரிசையில் 41 என்றால் விமானக் கோளாறு, 71 என்றால் புறப்படும் இடத்தின் வானிலை, 93 என்றால் முந்தைய ஓட்டத்திலிருந்து விமானமே தாமதமாக வந்தது. வாயால் வானிலை என்று சொல்லிவிட்டுப் பதிவில் 93 இருந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. அதே நேரத்தில் அதே விமான நிலையத்திலிருந்து மற்றக் கம்பெனி விமானங்கள் கிளம்பியதைக் காட்டும் பதிவும் உதவும்.

உத்தரவு கிடைத்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகல் இலவசம். கம்பெனி மேல்முறையீடு செய்ய 45 நாள். கடலூர் உத்தரவு என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மாநில ஆணையம், புதுச்சேரி என்றால் புதுச்சேரி மாநில ஆணையம். மேல்முறையீடு செய்ய, உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும்.

45 நாள் கழிந்தும் பணமும் வரவில்லை, மேல்முறையீட்டு நோட்டீஸும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு. நுகர்வோர் சட்டத்தின் 71-ஆவது பிரிவில், சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணையை (டிகிரி) நிறைவேற்றுவதைப் போலச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். கம்பெனியின் இந்தியக் கிளை பணம் வாங்கும் வங்கிக் கணக்கின் விவரம் பல சமயம் உங்கள் பழைய ரீஃபண்டு ரசீதிலோ பில்லிலோ இருக்கும். 72-ஆவது பிரிவில், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனுவில் கம்பெனிப் பெயரோடு, பதிவாளரிடம் கொடுத்திருக்கும் அந்த இந்தியப் பொறுப்பாளரின் பதவியையும் முகவரியையும் போடுங்கள். சம்மன் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும்.